முனவ்வர் பேகத்தின் இரண்டு கோடுகள்

முனவ்வர் பேகத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு பீடி சுத்துமா?" என்பதுதான். பேரணாம்பட்டில் அப்போது அது வழக்கம். சமைக்கத் தெரியுமா, குர்ஆன் ஓதத் தெரியுமா என்பதெல்லாம் அதற்கப்புறம். முனவ்வர் பேகம் டீத் தட்டில் டீக்குப் பதிலாகத் தான் சுற்றிய பீடிக் கட்டுகளை வைத்து அனுப்பினாராம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பீடியாக ஆட்டிப் பார்த்தார். தூள் உதிரவில்லை என்று தலையாட்டினார்.

"பீடியைப் பாத்தாச்சு. இனிமே என்னை எதுக்குப் பாக்கணும்?" என்று உள்ளேயிருந்து இவர் சொன்னது கூடத்துக்குக் கேட்டுவிட்டது. மாப்பிள்ளை அப்துல் வஹாப் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் கட்டிக்கொண்டதாக முனவ்வர் பேகம் சொல்வார்.

அப்துல் வஹாப் தோல் பதனிடும் டேனரியில் உப்புத்தோல் இறக்குகிறவர்; லோடுக்காக லாரியோடு ஆந்திராப் பக்கமும் போய்வருவார். பேச்சு கம்மி. வீட்டில் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து முனவ்வர் பேகமே பேசுவார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் வீட்டுமொழி உருது, வெளியே தமிழ். தெருவுக்கே ஆபா, அதாவது அக்காவான அவர், இரண்டிலும் ஒரே வேகத்தில் கிண்டல் செய்யக்கூடியவர். பீடிக் கம்பெனியிலிருந்து இலை கொண்டுவரும் ஏஜென்ட் தபரேஸ், கட்டுகளைச் சோதித்து நாலைந்தை ஒதுக்கித் தள்ளினால், "தம்பி, உன் நிக்காவுக்குப் பொண்ணு பாக்கறப்போ இவ்ளோ கண்ணு எங்க போச்சு?" என்பார். தபரேஸ் முகம் சிவந்து, ஒதுக்கியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வான்.

பர்தாவை விட்டு வெளியே வராமல் செய்யக்கூடிய வேலை பீடி ஒன்றுதான். எங்கள் தெருப் பெண்கள் ஷாஹீன்தாஜ் வீட்டு முன்னறையில் வட்டமாக உட்கார்ந்து சுற்றுவார்கள். எவ்வளவு வெயிலானாலும் மின்விசிறி ஓடாது. ஓடினால் புகையிலைத் தூள் பறக்கும். இலையும் தூளும் அவரவர் பேரில் தனித்தனியாக வரும். ஆனால் வெட்டுவது மட்டும் ஒரே கை. ஊறவைத்த இலையின் மேல் தகட்டை வைத்து, அந்த அளவுக்குக் கத்தரியை ஓட்ட மணிக்கட்டில் பலம் வேண்டும். அந்தக் கை முனவ்வர் பேகத்துடையது. அவர் எல்லோருக்கும் இலை வெட்டித் தருவார். பதிலுக்கு மற்றவர்கள் அவருடைய பீடிகளுக்குத் தலை மடித்துக் கொடுப்பார்கள். சில நாள் கத்தரி அவர் கட்டைவிரலைக் கடித்துவிடும். கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார். அதை யாரும் கவனித்ததில்லை. பிற்பாடு எல்லோருக்கும் அது நினைவுக்கு வந்தது.

உருதுப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டபோது தெருவே கிளம்பிப் போனது. ஹெபடைடிஸ் சி என்று ஒரு கிருமி. கல்லீரலுக்குள் வருஷக்கணக்கில் சத்தம் போடாமல் இருக்கும்; தெரியவரும்போது காரியம் கைமீறியிருக்கும். இப்போது அதற்கு மாத்திரை வந்துவிட்டது, மூன்று மாதம் சாப்பிட்டால் போய்விடும், இலவசம். நாடு முழுக்க இதை ஒழிக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் முகாம் பொறுப்பாளர் கௌதம் மைக்கில் நன்றாகவே சொன்னார். உருதில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்ததால், காலேஜில் படித்துக்கொண்டிருந்த நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

திட்டத்தில் ஓர் அம்சம் கௌதமுக்கு ரொம்பப் பிடித்தமானது. வேறு ஊர்களில், நோய் இருப்பதாகத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரவில்லையாம். அதனால் இங்கே ஒரு பெஞ்ச் போட்டிருந்தார். சோதனையில் தெரிந்ததும் நேரே அந்தப் பெஞ்ச், பெஞ்சிலிருந்து வேன், வேனிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரி. அன்றைக்கே அடுத்த சோதனைக்கான ரத்தமும் எடுத்துவிடலாம். "ஒருத்தரைக்கூட விடமாட்டோம்" என்றார். பெஞ்ச் வாசலைப் பார்த்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெஞ்ச்.

மேசையில் பிரிசில்லா என்ற பெண் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன அட்டையில் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை. முனவ்வர் பேகத்துக்கு இரண்டு வந்தது.

"ரெண்டு கோடா?" என்று எட்டிப் பார்த்த ஷாஹீன்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆபா, இந்த வயசுலயா? வஹாப் பாய் பேசாத ஆளுன்னு நெனச்சோம்!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. முனவ்வர் பேகமும்தான். "பையன் பொறந்தா உன் பேரையே வைக்கறேன்டி, போ" என்றார். அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தபோது சிரிப்பு நின்றது. பெஞ்சில் ஏற்கெனவே வேறு தெருக்காரர்களான இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். முனவ்வர் பேகம் முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். வேன் வர நேரமாயிற்று. தெரு முழுக்க அவரைக் கடந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது.

வேலூரில் டாக்டர், எப்படி வந்திருக்கும் என்று கேட்டாராம். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள். காய்ச்சல் என்றால் போய் நிற்கிற ஊசி டாக்டர் ஒருவர் இருந்தார். ஒரே ஊசியைக் கழுவிக் கழுவிப் போடுவார். ஊசி போட்டால்தான் எங்களுக்கும் நோய் விட்ட மாதிரி இருக்கும். இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இனி கண்டுபிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். தெரு கண்டுபிடித்துவிட்டது. ஆண்களோடு ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள் என்றால் அது எந்த மாதிரி நோய் என்று தெரியாதா? வஹாப் லாரியோடு ஆந்திராப் பக்கம் போய்வருகிறவராச்சே என்றார்கள். வஹாப் வழக்கம்போல் வேலைக்குப் போய்வந்தார்.

மாத்திரை கிடைத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். தபரேஸ் இலை கொண்டுவந்தபோது முனவ்வர் பேகத்தின் பங்கை இறக்கவில்லை.

"என் இலை எங்கப்பா?"

"ஆபா, தப்பா எடுத்துக்காதீங்க. யாரோ கம்பெனிக்கு போன் போட்டுட்டாங்க. பீடி வாய்ல வெக்கற சாமான். ரத்தத்துல வர்ற நோயாம், உங்க விரல்ல எப்பப்பாரு வெட்டுக்காயமாம்…"

"யாருக்கும் இதால வராதுன்னு டாக்டரே சொன்னாரு. வேணும்னா அவர்கிட்டயே கேளு."

"டாக்டர் பீடி வாங்கறவரா? கம்பெனி இன்னா சொல்லுதுன்னா, உங்க கைப்பட்ட இலை ஒரு கட்டுல இருந்தாக்கூட மொத்தத் தெருவுக்கும் இலையை நிறுத்திடுவாங்களாம். நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. தெருவில் யார் வீட்டுப் பீடியிலும் அவர் வெட்டாத இலை கிடையாது. அவர் கை கெட்டது என்றால் எல்லோருடைய சரக்கும் கெட்டது. அப்படி இல்லை என்று காட்ட ஒரே வழி, இனி அவருக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஊருக்குத் தெரிகிற மாதிரி நடந்துகொள்வது. தெரு அதைச் செய்தது.

மறுநாள் முனவ்வர் பேகம் வழக்கம்போல் முன்னறைக்குப் போனார். இலை இல்லாவிட்டால் என்ன, மற்றவர்களுக்கு வெட்டிக்கொடுக்கலாம் என்று போனார். ஷாஹீன்தாஜ் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வராதீங்க ஆபா."

"ஏன்டி, பாயில எனக்கு இடம் இல்லையா?"

"தபரேஸ் பாத்தான்னா எங்க எல்லார் பொழப்பும் போய்டும். உங்களுக்காவது வஹாப் பாய் சம்பளம் வருது. எனக்கு யார் இருக்காங்க?"

ஷாஹீன்தாஜ் விதவை. அதை முனவ்வர் பேகத்தால் மறுக்க முடியவில்லை. உள்ளே யாரும் தலை நிமிரவில்லை. வேறு யாரோ வெட்டுகிற சத்தம், பழக்கமில்லாத கையின் சத்தம், கேட்டது. ஷாஹீன்தாஜ் அவருடைய கத்தரியை எடுத்துவந்து கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்தது, தாளின் ஓரத்தை மட்டும் பிடித்து நீட்டினார்.

அந்த ரம்ஜான் பெருநாளுக்கு முனவ்வர் பேகம் எல்லா வீட்டுக்கும் சேமியா அனுப்பினார். தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது என்பது தெருவின் வழக்கம். ஷாஹீன்தாஜ் வீட்டிலிருந்து தட்டு திரும்பி வந்தபோது கனமாகத்தான் இருந்தது. துணியை விலக்கிப் பார்த்தால் அவர் அனுப்பிய அதே சேமியா.

அவர் மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. எல்லாம் முடிந்து, மறுபடியும் சில மாதங்கள் காத்திருக்கச் சொல்லி, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லை, நோய் போய்விட்டது என்றார் டாக்டர். வேலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிய முனவ்வர் பேகம் வீட்டுக்குப் போகாமல் நேரே தபரேஸின் கடைக்குப் போய் ரிசல்ட்டை நீட்டினார்.

அவன் வாங்கிப் பார்க்கவில்லை. "பேப்பர் யார் வேணா அடிச்சுக் குடுப்பாங்க ஆபா. தெருவுல அன்னிக்கு எல்லாரும் கண்ணால பாத்தது ரெண்டு கோடு. அதே முகாம்ல, எல்லார் எதுர்லயும், ஒரு கோடு வரட்டும். நானே இலையைத் தலைல வெச்சு உங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கறேன்."

"வாக்கா?"

"அல்லா மேல ஆணை. ஒரு கோடு."

அதன்பிறகு முனவ்வர் பேகம் காத்திருந்தது அந்த ஒரு கோட்டுக்காகத்தான். முகாம் மறுபடி எப்போது வரும் என்று பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முகாம் வந்தது. இந்தத் தடவை ஆட்கள்தான் வரவில்லை. முனவ்வர் பேகத்துக்கு நடந்ததைப் பார்த்தபிறகு யார் விரல் நீட்டுவார்கள்? காலையெல்லாம் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கௌதம், விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, நீங்கதான் இந்த ஊர்ல முதல்ல குணமானவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் வருவாங்க."

"வார்த்தையை யாரு கேக்கறா? நான் கையையே நீட்டறேன். எல்லார் எதுர்லயும் எனக்குப் போடுங்க. ஒரு கோடு வந்துச்சுன்னா தெருவே வந்துடும்."

கௌதமுக்கு அது பிரமாதமான யோசனையாகத் தோன்றியது. அவர் கூட்டம் சேர்க்கவும் வேன் அனுப்பவும் தெரிந்தவர்; ரத்தத்தைப் பற்றிப் படித்தவர் அல்ல. டாக்டர் அன்றைக்கு வேறு ஊர் முகாமில் இருந்தார்.

முனவ்வர் பேகம் வீடு வீடாகப் போனார். எத்தனையோ மாதம் தன்னை உள்ளே விடாத வாசல்களில் நின்று, "எனக்காக வராதீங்க. வேடிக்கை பாக்க வாங்க" என்றார். வந்தார்கள். ஷாஹீன்தாஜ் வந்தார். தபரேஸ் வாசல் தூணில் சாய்ந்து நின்றான். பெஞ்ச் அதே இடத்தில் இருந்தது.

மேசைக்குப் பின்னால் பிரிசில்லா இவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "அக்கா, உங்களுக்கு இந்த டெஸ்ட் வேணாம். தேவையில்ல."

"போடும்மா."

"இல்லக்கா, இது உங்களுக்கு… வேற மாதிரி காட்டும்."

"ஏன் வேணாங்குது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மறைக்கறாங்க" என்று இன்னொன்று. முனவ்வர் பேகத்துக்கே கோபம் வந்துவிட்டது. "என் விரல், என் ரத்தம். போடு!"

பிரிசில்லா கௌதமைப் பார்த்தாள். "சார், இவங்களுக்கு இதுல…"

"கூட்டம் கலைஞ்சிடும்மா. சீக்கிரம் போடு" என்றார் அவர்.

போட்டாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதல் கோடு வந்தது. முனவ்வர் பேகம் நிமிர்ந்து, தூண் பக்கம் பார்த்து, "தபரேஸ், தலைல சும்மாடு ரெடியா?" என்றார். இரண்டாவது கோடு மெல்லத் தெளிந்ததை அவர் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் குனிந்தார். பிரிசில்லா உள்ளங்கையால் அட்டையை மூடியிருந்தாள். எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள்.

அந்தப் பெண் கிட்டத்தட்ட அழுதுகொண்டே விளக்கினாள். நான் உருதில் திருப்பிச் சொன்னேன். இந்த அட்டை கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமியோடு சண்டை போட்ட அடையாளத்தைப் பார்க்கிறது. நோய் போனாலும் அந்த அடையாளம் ரத்தத்தில் இருக்கும். அம்மை போனாலும் தழும்பு இருக்கிறதில்லையா, அந்த மாதிரி.

"தழும்பு மூஞ்சில இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றது ஒரு குரல். "இது பீடில இல்ல இருக்குது."

"போச்சுன்னு சொல்றாங்க, அப்புறம் இருக்குதுன்னு சொல்றாங்க. ஒரே பேஜாரு. வா, போலாம்."

தபரேஸ் கிட்டே வந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. "பாத்தீங்கல்ல ஆபா. நான் சொன்ன வாக்கு ஒரு கோட்டுக்கு" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

கூடம் காலியானபிறகு முனவ்வர் பேகம் பிரிசில்லாவிடம் கேட்டார். "இந்த ரெண்டு கோடு எத்தனை நாளைக்கு வரும்?"

"பல பேருக்கு ஆயுசுக்கும் வரும்க்கா."

"இத முன்னாடியே சொல்றதுக்கு உங்க திட்டத்துல எடம் இல்லையா?"

பிரிசில்லா அட்டைகளை எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். கௌதம் போனில் யாரிடமோ, வேனைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பெஞ்சில் உட்கார ஒருவரும் இல்லை.

சில நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்துல் வஹாப் மனைவியிடம் சொன்னார்: "எங்க டேனரில ஓரம் வெட்ட ஆள் கேக்கறாங்க. தோல் வாய்க்குப் போற சாமான் இல்ல. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கல்யாணமான நாளிலிருந்து வேலைக்கென்று தெருவைத் தாண்டாதவர், புர்காவைப் போட்டுக்கொண்டு கணவருக்குப் பின்னால் டேனரிக்கு நடந்தார். பதப்படுத்திய தோலின் கந்தல் ஓரங்களைக் கத்தரித்துச் சீராக்குகிற வேலை. முதல் வாரம் அந்த வாடைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மணிக்கட்டு பழகின மணிக்கட்டு. கத்தரி அங்கேயும் கட்டைவிரலைக் கடித்தது. துணியைச் சுற்றிக்கொண்டார். அங்கே அதைப் பற்றி யாருக்கும் எந்தக் கவலையும் இருக்கவில்லை. கிண்டல் மட்டும் அவரிடமிருந்து போய்விட்டது. மெஷின் சத்தத்தில் யார் காதிலும் விழாது என்று ஒருமுறை காரணம் சொன்னார்.

முகாம் மூன்றாவது முறையும் வந்தது. எங்கள் தெருவிலிருந்து யாரும் போகவில்லை; அக்கம்பக்கத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாத்தியார்களுமாகக் கொஞ்சம் பேர் விரல் நீட்டினார்கள். யாருக்கும் இரண்டு கோடு வரவில்லை. எங்கள் தெருவில் புதிதாக ஒருவருக்கும் நோய் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். எழுதியது பொய் என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை டேனரி விடுமுறை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஆண்களெல்லாம் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், பின்பக்கக் கதவைத் தட்டிக்கொண்டு ஷாஹீன்தாஜ் வந்தார். அவரை அப்படிப் பார்த்ததும் முனவ்வர் பேகம் பழைய கோபத்தையெல்லாம் மறந்துவிட்டாராம். கண் மஞ்சள்பூத்திருந்தது. கால் வீங்கியிருந்தது. வயிறு மட்டும் தனியாக முன்னால் வந்திருந்தது. கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்த்ததாகவும், அதே ஊசி டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டதாகவும் ஷாஹீன்தாஜ் சொன்னார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"ஆபா, அந்த மாத்திரை உங்ககிட்ட மிச்சம் மீதி இருக்குதா?"

"அது மிச்சம் வெக்கற மாத்திரை இல்லடி. உனக்கு இருக்கறது அதுதானான்னே தெரியாது. டெஸ்ட் பண்ணணும்."

"எங்க? அந்தப் பள்ளிக்கூடத்துலயா?"

"நேரா வேலூருக்கே போலாம். நாளைக்கே போலாம்."

"பஸ் ஸ்டாண்டுல தபரேஸ் கடை எதுர்லதானே ஏறணும். அவன் பாப்பான். கேப்பான்." ஷாஹீன்தாஜ் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஆஸ்பத்திரிலயும் பெஞ்சுதான இருக்கும்?"

"இருக்கும். இருந்தா இன்னா? தனியா உட்கார விடமாட்டேன். நானும் உன் பக்கத்துலயே உட்காந்துக்கறேன்."

ஷாஹீன்தாஜ் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குத்தான் ஆபா பயமா இருக்குது" என்றார்.

சொன்னபிறகு அவருக்கே அது தாங்கவில்லை போலிருக்கிறது. முனவ்வர் பேகத்தின் கையைப் பிடித்தார். துணி சுற்றிய அதே கட்டைவிரலை. பிறகு விட்டுவிட்டு, முகத்திரையை இறக்கிக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று சந்தின் இருபக்கமும் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி பின்வழியாகவே போனார்.

முனவ்வர் பேகம் மறுநாள் டேனரிக்குப் போகவில்லை. வேலூர் பஸ் நிற்கும் இடத்தில், தபரேஸின் கடைக்கு எதிரில், புர்காவோடு வெயிலில் நின்றிருந்தார். நான் காலேஜுக்குப் போகும்போதும் நின்றிருந்தார். திரும்பி வரும்போதும் நின்றிருந்தார். ஷாஹீன்தாஜ் வரவில்லை.